விளையாட்டின் நடுவே "நினைவகம் போதவில்லை" எச்சரிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீவக வீட்டில் ஒரே கணினியைப் பிள்ளைகளும் பெற்றோரும் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களில், பள்ளி விடுமுறை தொடங்கியதும் இந்தத் தொல்லையும் தொடங்கிவிடுகிறது. விளையாட்டு உறைந்து நிற்கும். நினைவகம் குறைந்துவிட்டது, நிரல்களை மூடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும். சில விநாடிகளில் விளையாட்டே மறைந்துவிடும். உடனே சிலர் ரேம் வாங்கக் கிளம்புகிறார்கள். சிலர் கணினியையே மாற்றிவிடுகிறார்கள். கணினி திரையில் காட்டும் இரண்டு எண்களைப் பார்க்காமல் இதற்காக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அந்த எண்கள் எங்கே இருக்கின்றன, அவற்றைப் பார்த்தபின் என்ன செய்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: மெய்நிகர் நினைவகமும் ரேமும் ஒன்றுதானா?

இல்லை. ரேம் என்பது கணினிக்குள் செருகப்பட்டிருக்கும் சில்லு. அதில் இடம் நெருக்கடியாகும்போது, உடனடியாகத் தேவைப்படாத தகவல்களை விண்டோஸ் வட்டில் உள்ள ஒரு கோப்புக்கு மாற்றி வைக்கிறது. அதைப் பேஜிங் ஃபைல் என்பார்கள். பெரும்பாலும் சி டிரைவில் 'பேஜ்ஃபைல்.சிஸ்' என்ற பெயரில் மறைந்திருக்கும். ரேமும் இந்தக் கோப்பும் சேர்ந்த மொத்தக் கொள்ளளவு தீரும் நிலைக்கு வரும்போதுதான் எச்சரிக்கை எழுகிறது. வட்டையும் சேர்த்து நினைவகத்தைப் பெரிதாகக் காட்டும் இந்த ஏற்பாடுதான் மெய்நிகர் நினைவகம்.

இந்த ஏற்பாடு புதியதல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, சிறிய முதன்மை நினைவகத்தையும் பெரிய காந்த உருளையையும் ஒரே நினைவகம்போல நிரல்களுக்குக் காட்டியது. இன்று உங்கள் மடிக்கணினி செய்வதும் அதே வேலைதான்.

கேள்வி: ரேம் 65 விழுக்காடுதான் நிரம்பியிருக்கிறது என்று டாஸ்க் மேனேஜர் காட்டுகிறது. பிறகு எப்படி நினைவகம் போதாமல் போகும்?

குழப்பத்தின் வேரே இங்குதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

மதிய உணவு நேரத்தில் உணவங்காடி நிலையத்துக்குப் போனால், ஆளில்லாத மேசைகளில் டிஷ்யூ பொட்டலம் வைத்திருப்பார்கள். நாற்காலி காலிதான், ஆனால் நீங்கள் உட்கார முடியாது. நிரல்களும் இப்படித்தான் இடம் பிடிக்கின்றன. ஒரு விளையாட்டு தொடங்கும்போதே "எனக்கு 9 ஜிபி வேண்டும்" என்று விண்டோஸிடம் கேட்டு வாங்கிவிடும். அதில் 5 ஜிபியைத்தான் அந்த நேரத்தில் உண்மையாகத் தொட்டிருக்கும். ரேம் விழுக்காடு, தொட்ட பகுதியை மட்டுமே காட்டுகிறது. ஆனால் விண்டோஸ் வாக்குக் கொடுத்த முழு 9 ஜிபிக்கும் ரேமிலோ பேஜிங் ஃபைலிலோ இடம் உறுதியாக இருக்க வேண்டும். இல்லாத இடத்தை அது வாக்களிப்பதே இல்லை. வாக்களித்த மொத்தம் எல்லையைத் தொட்டதும், ரேமில் இடம் மீதம் இருந்தாலும் அடுத்த நிரலுக்கு "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். மறுக்கப்பட்ட விளையாட்டு பெரும்பாலும் அப்படியே விழுந்துவிடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைச் சொடுக்குங்கள். கீழே 'கமிட்டட்' என்ற சொல்லின் அடியில் 14.6/15.8 ஜிபி என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் வாக்களித்த அளவு. இரண்டாவது எண் எல்லை, அதாவது ரேமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்த மொத்தம். நான் சொன்ன இரண்டு எண்கள் இவைதாம்.

கேள்வி: எப்போது பார்க்க வேண்டும்?

கணினியை இயக்கியவுடன் பார்த்துப் பயனில்லை. பிள்ளை வழக்கமாக எப்படி விளையாடுவாரோ அப்படியே விளையாடட்டும். டிஸ்கார்டும் யூடியூபும் இருபது உலாவித் தாவல்களும் திறந்திருப்பது வழக்கமென்றால் திறந்தே இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து, விளையாட்டை மூடாமல் ஆல்ட், டேப் விசைகளால் வெளியே வந்து எண்களைப் பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். முதல் எண் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் அது அந்த வீட்டின் உண்மையான தேவை. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கிறது, அதாவது ஏதோ ஒரு நிரல் வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

கேள்வி: எந்த நிரல் இவ்வளவையும் எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. பலரும் திறந்தே பார்க்காத இடம் அது. ஸ்டார்ட் பட்டியலில் 'ஈவன்ட் வியூவர்' என்று தேடித் திறங்கள். 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. அங்கே 'ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்' என்ற மூலத்திலிருந்து 2004 என்ற எண் கொண்ட பதிவைத் தேடுங்கள். (இந்த 2004 ஆண்டைக் குறிப்பதல்ல, நிகழ்வின் அடையாள எண்.) நினைவகத்தை அதிகம் பிடித்து வைத்திருந்த நிரல்களின் பெயர்கள், அளவுடன் அதில் இருக்கும். நேற்றிரவு நடந்ததை இன்று காலை தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழியில்லை.

இப்போதைய நிலை தெரிய வேண்டுமானால், டாஸ்க் மேனேஜரின் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் தலைப்பு வரிசையின் மீது வலது சொடுக்குப் போட்டு, 'கமிட் சைஸ்' என்ற பத்தியைச் சேர்த்து அதன்படி வரிசைப்படுத்துங்கள். பல வீடுகளில் முதலிடத்தில் விளையாட்டு இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். உலாவியின் தனித்தனி வரிகளைக் கூட்டிப் பார்த்தால் அது விளையாட்டுக்குச் சமமாக வந்து நிற்பது உண்டு.

கேள்வி: பேஜிங் ஃபைலின் அளவை நானே அமைக்க வேண்டுமா, விண்டோஸிடமே விட்டுவிடலாமா?

சி டிரைவில் தாராளமாக இடம் இருந்தால் விண்டோஸிடமே விடுங்கள். வாக்களித்த அளவு எல்லையின் 90 விழுக்காட்டைத் தாண்டும்போது அது கோப்பைத் தானாகப் பெரிதாக்கும். ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இவற்றில் எது பெரிதோ அதுவரை வளரலாம் என்பது விதி.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. அந்த வளர்ச்சி, டிரைவின் மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 128 ஜிபி என்று விற்கப்பட்ட எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத விரைவான வட்டு) விண்டோஸ் ஏறத்தாழ 119 ஜிபி என்று கணக்கிடும். எட்டில் ஒரு பங்கு 15 ஜிபிக்கும் குறைவு. 8 ஜிபி ரேம் உள்ள கணினி 24 ஜிபி வரை வளர்த்திருக்கலாம். சிறிய வட்டு அதைத் தடுத்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வட்டு நிரம்பிக் கிடப்பது. 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் சாதாரணமாகிவிட்ட காலம் இது. வட்டில் 3 ஜிபி மட்டும் மிஞ்சியிருந்தால் பேஜிங் ஃபைல் எங்கே வளரும்? ஆகவே முதல் சிகிச்சை எப்போதும் சி டிரைவில் இடம் ஒதுக்குவதுதான். விளையாடாத விளையாட்டை நீக்குங்கள், அல்லது ஸ்டீமின் சேமிப்பிட அமைப்பில் வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள். 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

அதன்பிறகும் எல்லை போதவில்லை என்றால் கையால் அமைக்கலாம். ஸ்டார்ட் பட்டியலில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற கட்டத்தில் 'செட்டிங்ஸ்', பிறகு 'அட்வான்ஸ்டு', அதில் 'விர்ச்சுவல் மெமரி'க்குக் கீழே 'சேஞ்ச்'. தானியங்கி நிர்வாகத்துக்கான குறியை எடுத்துவிட்டு, டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கஸ்டம் சைஸ்' என்பதில் எண்களை எழுதுங்கள்.

எந்த எண்? நீங்கள் குறித்து வைத்த அதிகபட்சத்திலிருந்து ரேமைக் கழித்து, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் அதிகபட்சம் 17 ஜிபி என்றால் பற்றாக்குறை 9 ஜிபி. 12 ஜிபி வைத்தால் மூச்சு விட இடம் இருக்கும். பெட்டி எம்பியில் கேட்கும். 12-ஐ 1024-ஆல் பெருக்கினால் 12288. தொடக்க அளவு, அதிகபட்ச அளவு இரண்டுக்கும் இதையே எழுதலாம். எழுதியபின் 'செட்' பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் நேராக 'ஓகே' அழுத்தினால் மாற்றம் பதிவாகாது. கடைசியாகக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

வீட்டுக் கணினியில் சி டிரைவ் சிறியதாகவும் இரண்டாவது எஸ்எஸ்டி பெரியதாகவும் இருந்தால், பெரிய பேஜிங் ஃபைலை இரண்டாவதில் வைத்து, சி டிரைவிலும் சிறிய ஒன்றை விட்டுவையுங்கள். கணினி நீலத்திரையுடன் நின்றுபோனால் காரணத்தைப் பதிவுசெய்ய அது தேவைப்படும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வைக்க வேண்டாம்; எச்சரிக்கை போய்விடும், ஆனால் விளையாட்டு திக்கித் திணறும்.

கேள்வி: ரேமின் ஒன்றரை மடங்கு என்று எப்போதும் சொல்வார்களே?

ரேம் மிகக் குறைவாக இருந்த காலத்து விதி அது. 32 ஜிபி ரேம் உள்ளவருக்கு 48 ஜிபி கோப்பு வீண். 4 ஜிபி உள்ளவருக்கு 6 ஜிபி போதாமல் போகலாம். அளந்து வையுங்கள்.

கேள்வி: பேஜிங் ஃபைலை முழுவதும் அணைத்துவிட்டால் விளையாட்டு வேகமாகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். அணைத்தால் எல்லை சுருங்கி ரேமின் அளவுக்கு வந்துவிடும். 16 ஜிபி ரேம் இருந்தும் எச்சரிக்கையே இல்லாமல் விளையாட்டு விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூடுதல் அலங்காரங்களையும் மாற்றங்களையும் ஏற்றிக்கொண்டு விளையாடும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் போன்றவற்றில் இது உடனே தெரியும், நகரம் ஏறி முடிப்பதற்குள் விளையாட்டு மூடிக்கொள்ளும். இப்படி அறிவுரை சொல்பவர்கள், அதைக் கேட்டு முயலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: எஸ்எஸ்டியில் பேஜிங் ஃபைல் இருந்தால் அது சீக்கிரம் தேய்ந்துவிடாதா?

இந்த அச்சத்துக்கு 2009-லேயே பதில் வந்துவிட்டது. விண்டோஸ் 7 வெளிவந்த ஆண்டில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, பேஜிங் ஃபைலிலிருந்து படிப்பது 40 முறை என்றால் எழுதுவது ஏறத்தாழ ஒரு முறைதான். அதுவும் பெரும்பாலும் சின்னச் சின்னப் படிப்புகள், எஸ்எஸ்டி மிக நன்றாகச் செய்யும் வேலை. எஸ்எஸ்டியில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கோப்பு அரிது என்பதே அவர்களின் முடிவு. பின்னர் வந்த எஸ்எஸ்டிகளின் கொள்ளளவும் அன்றையவற்றைவிடப் பன்மடங்கு.

கேள்வி: தம்ப் டிரைவைச் செருகி நினைவகத்தைக் கூட்ட முடியாதா?

முடியாது. விஸ்டா காலத்து ரெடிபூஸ்ட் வசதியை நினைத்துக் கேட்கிறார்கள். அது வட்டிலிருந்து படிப்பதைச் சற்று விரைவாக்கும் தற்காலிகச் சேமிப்பு மட்டுமே. எல்லையை ஒரு எம்பிகூட உயர்த்தாது.

கேள்வி: ரேமைச் சுத்தம் செய்யும் நிரல்கள்?

நீக்கிவிடுங்கள். பிற நிரல்களின் தகவல்களை ரேமிலிருந்து வட்டுக்குத் தள்ளிவிட்டு "4 ஜிபி விடுவித்தோம்" என்று காட்டும். கமிட்டட் எண் அப்படியே இருக்கும். தள்ளப்பட்டதை விளையாட்டு மறுபடி கேட்கும்போது திரை திக்கும்.

கேள்வி: மகளின் மைன்கிராஃப்டுக்கு 6 ஜிபி ஒதுக்கினோம். அதன்பிறகுதான் எச்சரிக்கை வருகிறது. ஏன்?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில், ஜாவாவுக்கு எவ்வளவு நினைவகம் என்பதைத் தொடக்கிச் செயலியில் நாமே எழுதலாம். மோட் எனப்படும் மாற்றங்களைச் சேர்க்கும் பிள்ளைகள் இதைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 8 ஜிபி ரேம் கணினியில் 6 ஜிபியை ஜாவாவுக்கே கொடுத்தால், விண்டோஸுக்கும் உலாவிக்கும் என்ன மிஞ்சும்? ஜாவா எடுத்துக்கொள்வது அந்த 6 ஜிபியுடன் நிற்பதும் இல்லை. அதற்கு வெளியேயும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பேஜிங் ஃபைல் மிகச் சிறியது என்ற பொருளில் 1455 என்ற பிழை எண் வந்தால் காரணம் இதுதான்.

மோட் இல்லாத விளையாட்டுக்குப் பெரும்பாலும் 2 ஜிபி போதும். அதிக மோட்கள் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போகாமல், பேஜிங் ஃபைலையும் கூட்டிக்கொள்ளுங்கள். மகளிடம் மோட்களில் பாதியை விட்டுக்கொடுக்கச் சொல்வது கடினம்தான், ஆனால் 8 ஜிபி கணினியில் அதற்கு மாற்று இல்லை.

கேள்வி: "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று வருகிறது. இதுவும் அதுவும் ஒன்றா?

வேறு. இது கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தைப் பற்றியது. முதலில் விளையாட்டின் டெக்ஸ்சர் தரத்தை, அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை, ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மனத்தில் வையுங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் நிலைத்தன்மைக் கோளாறு இருந்தது. அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் உருவான விளையாட்டுகளில் அது இதே "வீடியோ மெமரி" பிழையாக வெளிப்பட்டது. நினைவகம் நிறைய இருந்தும் பிழை வரும். இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (செயலிக்குள் இயங்கும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தத்தை வெளியிட்டு, பாதிக்கக்கூடிய செயலிகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. உங்களிடம் அத்தகைய செயலி இருந்தால், பேஜிங் ஃபைலைத் தொடுவதற்கு முன் மதர்போர்டு தயாரிப்பாளரின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) புதுப்பிப்பைச் செய்யுங்கள்.

கேள்வி: நம் ஊர் வெப்பம் காரணமாக இருக்குமா?

இல்லை. 32 பாகை வெப்பத்தில், காற்றோட்டமில்லாத அறையில் கணினி வேகம் குறையும், விசிறி இரையும். நினைவக எச்சரிக்கை வராது.

கேள்வி: பள்ளி மூலம் வாங்கிய மடிக்கணினியில் இந்த எச்சரிக்கை வருகிறது. நானே சரிசெய்யலாமா?

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தனிநபர் கற்றல் சாதனங்களில் நிர்வாகச் செயலி நிறுவப்பட்டிருக்கும். பல அமைப்புகளை வீட்டிலிருந்து மாற்ற முடியாது. மாற்ற முயலவும் வேண்டாம். உலாவித் தாவல்களைக் குறைத்து, மறுதொடக்கம் செய்துபாருங்கள். தொடர்ந்தால் பள்ளியின் தொழில்நுட்ப உதவிப் பிரிவிடம் கொடுங்கள். அதில் விளையாட்டை ஏற்றாமல் இருப்பதே நல்லது. மறுநாள் வகுப்புக்கு அந்தச் சாதனம்தான் பிள்ளையின் புத்தகம்.

கேள்வி: தினமும் கணினியை அணைக்கிறோம். ஆனாலும் எண் ஏறிக்கொண்டே போகிறது.

'ஷட் டவுன்' செய்வதும் 'ரீஸ்டார்ட்' செய்வதும் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதி இயங்கினால், அணைக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியும் இயக்கி நிரல்களும் (வன்பொருளை இயக்கும் டிரைவர்கள்) அப்படியே வட்டில் பதிந்து, மறுநாள் அதே நிலையில் எழும். நெட்வொர்க் கார்டின் இயக்கி நிரலில் கசிவு இருந்தால் அதுவும் கூடவே எழுந்துவரும். வாரத்துக்கு ஒருமுறையாவது 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'நான்-பேஜ்டு பூல்' என்ற எண்ணையும் பாருங்கள். சில நூறு எம்பியாக இருக்க வேண்டியது பல ஜிபியாக வீங்கியிருந்தால் குற்றவாளி விளையாட்டு அல்ல, ஏதோவோர் இயக்கி நிரல். அதைப் புதுப்பியுங்கள்.

கேள்வி: நிகழ்வுப் பதிவில் யாருக்கும் தெரியாத பெயரில் ஒரு நிரல் இருக்கிறது.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். இலவச நாணயம், ஏமாற்று நிரல், திருட்டுப் பிரதி என்று பிள்ளைகள் இறக்குபவற்றோடு வேண்டாத நிரல்களும் நுழைகின்றன. அதே கணினியில் நீங்கள் வங்கிக் கணக்கையும் சிங்பாஸையும் திறப்பீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை இயக்குங்கள். அது முடியும்வரை அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம். பிள்ளையைத் திட்டாமல் என்ன இறக்கினார் என்று கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

கேள்வி: எல்லாம் பார்த்துவிட்டோம், ரேம்தான் போதவில்லை. எங்கே, எப்படி வாங்குவது?

பேஜிங் ஃபைல் விளையாட்டை விழாமல் காக்கும், வேகத்தைத் தராது. ரேம் எப்போதும் 95 விழுக்காட்டில் நின்று விளையாட்டு திக்கினால் ரேம் வாங்குவது சரியான செலவுதான். 8 ஜிபி உள்ளவர்கள் 16-க்குப் போனால் வேறுபாடு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் போவதற்கு அளவீடு காரணம் சொல்ல வேண்டும். 2025-இன் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியதால், இந்தக் கட்டுப்பாடு இன்னும் அவசியமாகிவிட்டது.

கடைக்குப் போகுமுன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை செருகிடங்கள், எத்தனை பயன்பாட்டில், என்ன வேகம் என்று அதில் இருக்கும். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் வகைகள்; டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் மாற்றவே முடியாது. மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் முதலில் உறுதிசெய்யுங்கள்.

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேரில் கடை கடையாக விலை கேட்கலாம். ஒரே கடையில் முடிவெடுக்காதீர்கள், ரசீதில் பொருளின் முழு மாதிரிப் பெயர் இருக்கட்டும். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள 'லெமன் லா' விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். பழுதுபார்ப்பு, மாற்று, விலைக் குறைப்பு அல்லது பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். கரோசலில் ஒரு தனிமனிதரிடம் வாங்கினால் பொருந்தாது. அப்படி வாங்குவதானால், கணினியில் போட்டு இயங்குவதைப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

கேள்வி: பழைய விளையாட்டு ஒன்று, 32 ஜிபி ரேம் இருந்தும் நினைவகப் பிழையுடன் நிற்கிறது.

அது 32 பிட் நிரலாக இருக்கும். வழக்கமாக அத்தகைய நிரலுக்கு 2 ஜிபி முகவரி இடம்தான்; தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், 64 பிட் விண்டோஸில் 4 ஜிபி. எவ்வளவு ரேம் சேர்த்தாலும் அதற்கு எட்டாது. மோட்களையும் டெக்ஸ்சர் தரத்தையும் குறைப்பதுதான் வழி.

கேள்வி: கசிவு விளையாட்டிலேயே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

கசிவைத் தயாரிப்பாளர்தான் சரிசெய்ய வேண்டும். அதுவரை, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விளையாட்டைச் சேமித்து, மூடித் திறங்கள். பிடித்து வைத்த இடம் முழுவதும் திரும்பிவிடும். மோட் இருந்தால் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, எது காரணம் என்று உறுதிசெய்யுங்கள். மோட் எதுவும் இல்லாமலும் எண் ஏறினால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். "விளையாட்டு நின்றுவிடுகிறது" என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. விளையாட்டின் பதிப்பு எண், கிராஃபிக்ஸ் டிரைவரின் பதிப்பு, தொடங்கியபோது கமிட் சைஸ் எவ்வளவு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் வேகமாக ஏறியது, 2004 நிகழ்வுப் பதிவின் படம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.